காலி பாட்டிலைக் கழுவும் முன்

உன் எலுமிச்சை ஊறுகாய் சனிக்கிழமை தீர்ந்தது. டப்பாவில் தயிர்சாதத்தோடு வைக்கலாம் என்று கரண்டியை அடிவரை விட்டேன். கடைசித் துண்டோடு ஒரு சீட்டும் மேலே வந்தது. எண்ணெயில் ஊறி, மஞ்சள் ஏறி, அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி ஆகியிருந்தது. ஆனால் பென்சில் எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. மராட்டியில் எழுதியிருந்தாய்: "எலுமிச்சை. இடம்: கட்கி. ஆழம்: மேலிருந்து இரண்டாவது ஷெல்ஃப். சேகரித்தவர்: வேறு யார்?"

அடுப்படியில் நின்றபடியே சிரித்துவிட்டேன். என் கணவர் எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். ஊறுகாய்க்குள் லேபிள் இருக்கிறது என்றேன். "ப்ளாஸ்டிக்கா?" என்று பதறினார். "காயிதந்தானுங்க, பயப்படாதீங்க" என்றேன். அதற்கு மேல் விளக்க நேரமில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உனக்கு விளக்கம் தேவையில்லை. நம் வேலையில் பாட்டிலுக்கு வெளியே ஒட்டுவதை யாரும் நம்புவதில்லை. கடல் தண்ணீரும் ஃபார்மலினும் பட்டால் பசை விட்டுவிடும், மை கரைந்துவிடும். அதனால் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் அள்ளிய சேறு என்பதைப் பென்சிலால் சீட்டில் எழுதி, சேற்றோடு சேறாக உள்ளேயே போட்டுவிடுவார்கள். நீ அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுபோனாய். உப்பு, புளி, மிளகாய்த்தூள், எல்லாவற்றுக்கும் உள்ளே சீட்டு. "வெளிய ஒட்டறது உரிஞ்சி பூடும், கோயம்புத்தூர். உள்ள போட்டா கூடவே கெடக்கும்" என்பாய்.

கோயம்புத்தூர் என்பது நான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எந்த ஊர் என்று கேட்டாய், அதோடு என் பெயர் போயிற்று. பதிலுக்கு நான் உன்னை, புனேயில் நீ பிறந்து வளர்ந்த பேட்டையின் பெயரால், கட்கி என்று கூப்பிட ஆரம்பித்தேன். நீ கோபித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். உனக்கு அது பெருமையாகப் போய்விட்டது. உன் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வந்தவர். அப்பாவும் அங்கேதான், கணவரும் அங்கேதான். வீட்டில் குண்டு, ஆபீஸில் புழு, நடுவில் நான் என்று சொல்லிக்கொள்வாய்.

இந்த மடலை நீ வாசிக்கப்போவதில்லை. இருந்திருந்தாலும் வாசித்திருக்க மாட்டாய். தமிழ் பேசுவதற்கு உனக்கு மூச்சு முட்டாது. எழுத்தை மட்டும் பஸ் போர்டு வாசிப்பதுபோல ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிப்பாய். நாலு வரிக்கு மேல் போனால், "நீ படி, நான் கேக்கறன். என் கண்ணு புழுவுக்கு வேணும்" என்று என்னிடம் தள்ளிவிடுவாய். இதையும் நான் படித்துக் காட்டுவதாகவே வைத்துக்கொள்கிறேன்.

புனேயில் உட்கார்ந்துகொண்டு கடல் வேலை என்றால் எங்கள் ஊரில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பாணேரில் டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் உன் மைக்ராஸ்கோப், இன்னொன்றில் என் கணினி. ரத்னகிரிக்குத் தெற்கே கடலில் படகு போகும். கிராப் என்கிற இரும்பு வாயைக் கம்பியில் கட்டி அடிவரை இறக்குவார்கள். தரையைத் தொட்டதும் அது வாய் மூடி, ஒரு கவளம் சேற்றைக் கவ்விக்கொண்டு மேலே வரும். அந்தச் சேறு பாட்டிலுக்குப் போய், பாட்டில் நீல டிரம்முக்குப் போய், டிரம் டிராவல்ஸ் பஸ்ஸில் காட் மலைப்பாதை ஏறி நம்மிடம் வரும். நீ அதைச் சல்லடையில் அலசி, ரோஸ் சாயத்தில் ஊறவைத்து, இடுக்கியால் புழுவையும் சிப்பியையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இனம் பிரிப்பாய். உயிராக இருந்தவை ரோஸ் நிறத்தில் எழுந்து தெரியும், மண் மண்ணாகவே கிடக்கும். உன் கணக்கை வாங்கி நான் வரைபடத்தில் போடுவேன்.

கரையோரக் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தின் அடித்தரையில் உயிர் செழித்திருக்கிறது, எதைத் தொடாமல் விட வேண்டும் என்று சொல்வதுதான் நமக்குக் கொடுத்த வேலை. நிறைய இருந்தால் கரும்பச்சை. குறைந்தால் இளம்பச்சை. ஒன்றுமில்லை என்றால் வெள்ளை. அந்தப் படத்தை மேஜையில் விரித்துத்தான் எங்கே காப்பது, எங்கே தோண்டுவது, எங்கே கொட்டுவது என்று மேலே உள்ளவர்கள் பேசுவார்கள். இத்தனைக்கும் நாம் இருவரும் கடலில் கால் நனைத்ததோடு சரி. உனக்கு நீச்சல் தெரியாது. முளா ஆற்றுப் பாலத்தில்கூடக் கைப்பிடிச் சுவர் பக்கம் நடக்க மாட்டாய், என்னை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு நடப்பாய்.

புழு என்று யாராவது முகம் சுளித்தால் உனக்குப் பிடிக்காது. நாம் படம் போடும் கரையில் ஒரு சின்னத் துறைமுகத்தை ஆழப்படுத்தப்போகிறார்கள், தோண்டிய மண்ணைக் கடலில் எங்காவது கொட்ட வேண்டும், இடம் பார்க்க ஓர் ஆலோசகர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மெல்லிய பேச்சு. உன் தட்டைப் பார்த்துவிட்டு, "இதையா எண்ணுகிறீர்கள்?" என்று மராட்டியில் கேட்டார். நீ தலை நிமிராமல், "உங்க வீட்டு மீன் இதைத் தின்னுட்டுத்தான் கொழுக்குது. மீனையும் எண்ணாம விட்டுடலாமா?" என்று அதே மராட்டியில் கேட்டாய். மனிதர் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் அறைக்கு வந்து, படத்தில் துறைமுகத்துக்கு வெளியே வரிசையாக இருந்த நாலு வெள்ளைக் கட்டங்களின் மேல் விரலை வைத்தார். "இது போதும் எங்களுக்கு" என்றார். பக்கத்திலேயே இருக்கிறது, செலவும் குறைவு, ஒன்றும் இல்லாத இடம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

உன் கிறுக்குத்தனம் ஒன்று உண்டு. எந்தப் பாட்டிலானாலும் சோப்புத் தண்ணீருக்குப் போகும் முன் அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, சல்லடையில் கவிழ்த்துப் பார்ப்பாய். சேறு இருந்த பாட்டிலுக்குச் சரி. சேறே வராத பாட்டில்களும் உண்டு, உள்ளே சீட்டு மட்டும் கிடக்கும், அவற்றையும் விட மாட்டாய். "காலி பாட்டிலை அலசறதுக்குத்தான் உனக்குச் சம்பளமா?" என்று நான் கேலி செய்திருக்கிறேன். "காலின்னு யாரு சொன்னது? பாட்டிலு சொல்லிச்சா?" என்பாய்.

ஆலோசகர் வந்து போன அடுத்த வாரம் அப்படித்தான் அலசிக்கொண்டிருந்தாய். "ஏ கோயம்புத்தூர், ஜரா இங்க வா" என்று கூப்பிட்டாய். நான் டீக்குத்தான் கூப்பிடுகிறாய் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சல்லடையின் நடுவில் துவரம்பருப்பில் பாதி அளவுக்கு ஒரு சிவப்புத் துண்டு, உடைந்த வளையல் சில்லு மாதிரி. அது சாயமே போடாத பாட்டில். துண்டு தானாகவே சிவப்பு.

மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னாய். வரிசையாகப் பொடிப் பொடித் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு வீடு, உள்ளே ஓர் உயிர் இருந்திருக்கும் என்றாய். கடல் விசிறி. பவளத்தின் உறவு, விசிறி போலக் கிளை பரப்பிக் கல்லைப் பிடித்து நிற்கும், சேற்றில் நிற்கவே நிற்காது. சீட்டைப் பார்த்தேன். அந்த நாலு வெள்ளைக் கட்டங்களில் ஒன்று.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு துண்டுதானே, எங்கிருந்தோ நீரோட்டத்தில் வந்திருக்கும் என்றேன். நீ படகுக்காரருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாய். அந்த வரிசையில் ஏன் சேறு வரவில்லை என்று கேட்டாய். அவர் சாவகாசமாகச் சொன்னார், எத்தனை தடவை இறக்கினாலும் இரும்பு வாய் மூடவே இல்லை, கீழே கல், இடையில் கல் மாட்டிக்கொண்டு வாயைப் பிளந்தபடியே மேலே வந்தது, இரும்பில் ஒட்டியது ஏதாவது இருந்தால் பாட்டிலில் தட்டிவிட்டோம், நாலு கட்டத்திலும் அதே கதை, அதனால்தான் படகுத் தாளில் எண்ணுக்குப் பதில் கோடு போட்டு அனுப்பினோம் என்று. கோடு போட்டிருந்ததை நானும் திறந்து பார்த்தேன். கணினி அந்தக் கோட்டைச் சைபராக எடுத்துக்கொண்டு வெள்ளை அடித்திருந்தது.

டீ ஆறிப்போய்விட்டது. நீ சல்லடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாய். "சேத்துல கடிக்கிற வாயக் குடுத்துட்டு, கல்ல கடிக்கலன்னதும் எடம் காலின்னு பழி. கல்லு இருக்கிற எடத்துலதான் இதுங்க குடியிருக்கும். நம்ம படத்துல அதுதான் வெள்ளையா நிக்குது."

"இருக்குதுன்னு நமக்குத் தெரியாதே. ஒரே ஒரு துண்டு."

"இல்லன்னும் தெரியாது இல்ல? தெரியாததுக்கு ஒரு கலர் குடு. க்ரே குடு."

அந்தச் சாம்பல் நிறத்துக்காக நீ போட்ட சண்டை எனக்கு மறக்காது. நம் ஆபீஸ் தலைவர் நல்ல மனிதர், ஆனால் படம் சுத்தமாக இருக்க வேண்டும் அவருக்கு. தெரியாது என்று ஒரு நிறம் போட்டால் வேலையைப் பாதியில் விட்ட மாதிரி இருக்கும், பணம் கொடுப்பவர்கள் கேள்வி கேட்பார்கள் என்றார். "கேக்கட்டும் சார். பாக்கலன்னு சொல்றதுல இன்னா வெக்கம்? பாக்காத எடத்துல மண்ணக் கொட்டறதுதான் வெக்கம்" என்று இந்தியில் நீ சொன்னாய், நடு நடுவே தமிழ் வந்து விழுந்தது, அவருக்குப் புரிந்தது. கடைசியில் ஒரு வழி சொன்னார். மழைக்காலம் முடிந்ததும் நாலு கட்டத்திலும் கேமரா இறக்குங்கள். ஏதாவது தெரிந்தால் பச்சை. தெரியாவிட்டால் வெள்ளை வெள்ளைதான், மண் கொட்டும் இடத்தை முடிவுசெய்யும் கூட்டத்துக்கு அப்படியே போகும்.

நீயே போவதாகச் சொன்னாய். பாலத்தில் ஓரமாக நடக்காதவள், படகில் போவதாகச் சொன்னாய். கட்கி பஜாரில் வாந்தி மாத்திரை வாங்கி மேஜை டிராயரில் போட்டு வைத்தாய். அதற்கும் உள்ளே ஒரு சீட்டு: "கடலுக்கு மட்டும்." ஊறுகாய் பாட்டிலை என்னிடம் தந்ததும் அந்த வாரம்தான். "தீந்ததும் பாட்டில திருப்பிக் குடு. நல்ல பாட்டிலு, மூடி இறுக்கமா இருக்கும்" என்றாய்.

ஆகஸ்டில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலத்தில் புனேயில் யாருக்குத்தான் காய்ச்சல் வரவில்லை. டெங்கு என்றார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார்கள், தேறிவிடுவாள் என்றார்கள். நான் வந்தபோது கையில் ஊசி குத்திய இடமெல்லாம் நீலமாக இருந்தது. படகுத் தேதி கொடுத்துவிட்டார்களா என்று கேட்டாய். இன்னும் இல்லை, முதலில் எழுந்து உட்கார் என்றேன். "வெள்ளையா விட்டுடாத" என்றாய். சரி என்றேன். நீ கேட்டது எனக்கு அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. நீதான் திரும்பி வந்து சண்டை போடப்போகிறாயே என்று இருந்தேன்.

வியாழக்கிழமை உன் கணவர் போன் செய்தார். உன் வீட்டு வாசலில் நின்றவர்கள் மூன்று மொழியில் அழுதார்கள். நான் அங்கே அழவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது ஒரு சிக்னலில் அழுதேன், பச்சை விழுந்ததும் நிறுத்திவிட்டேன். மறுநாள் ஆபீஸில் உன் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. கூட்டத்துக்கு மற்ற கட்டங்களின் படத்தைத் தயார் செய்ய வேண்டியிருந்தது, செய்தேன்.

மழை ஓய்ந்ததும் படகில் நான் போனேன். வேறு ஆள் இல்லை. உன் டிராயரைத் திறந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டேன், அப்படியும் கரை மறைவதற்குள் வாந்தி எடுத்தேன். கடலைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. டீசல் வாசம், வெயில், ஆட்டம். கேமராவைக் கயிற்றில் இறக்கிவிட்டுச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் கட்டத்தில் கலங்கல். மழைத் தண்ணீர் ஆறுகளிலிருந்து கொண்டுவந்து தள்ளிய கலங்கல், பால் விட்ட டீ மாதிரி. இரண்டாவதிலும் அதுவே. மூன்றாவதில் கேமரா எதிலோ இடித்துத் திரும்பியது. ஒரு கல். அதன் மேல் சிவப்பாக ஒரு விசிறி, பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ கடற்பஞ்சு. உடனே கலங்கல் மூடிக்கொண்டது. படகுக்காரர் தோளில் தட்டினார். நாலாவதில் மறுபடி ஒன்றுமே தெரியவில்லை.

நாலில் ஒன்று. நீ இருந்திருந்தால் அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஊரையே கூட்டியிருப்பாய். மீதி மூன்றுக்கு நான் என்ன சொல்வேன் என்று யோசித்துக்கொண்டே காட் ஏறினேன்.

கூட்டத்தில் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். விசிறிப் படத்தைப் பார்த்து வியந்தார்கள். ஆலோசகரே, இந்தக் கட்டத்தை விட்டுவிடுகிறோம், அழகாக இருக்கிறது என்றார். மீதி மூன்று வெள்ளைதானே, அங்கே கொட்டிக்கொள்கிறோம் என்றார். தலைவர் தலையாட்டினார். சுற்றிலும் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கூட்டங்களில் வாய் திறப்பவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ பேசுவாய், நான் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவேன், அதுதான் நம் ஏற்பாடு. திரும்பி உன் பக்கம் பார்த்தேன். அங்கே தண்ணீர் பாட்டில்கள் வைத்திருந்தார்கள்.

"அது வெள்ளை இல்லை சார்" என்றேன். என் இந்தி உனக்குத் தெரியும், நீ கேட்டிருந்தால் மேஜைக்கடியில் என் காலை மிதித்திருப்பாய். "வெள்ளை என்றால் பார்த்தோம், இல்லை என்று பொருள். இந்த மூன்றை நாங்கள் பார்க்கவில்லை."

"கேமரா இறக்கினீர்களே" என்றார் ஆலோசகர்.

"இறக்கினோம். கலங்கலைத்தான் பார்த்தோம்."

"அப்படியென்றால் ஒன்றும் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்?"

"ஆமாம் சார். தெரியவில்லை என்றுதான் எழுதச் சொல்கிறேன். இருட்டறையில் எட்டிப் பார்த்துவிட்டு வீட்டில் ஆளில்லை என்று மண்ணைக் கொட்டுவீர்களா?"

யாரோ சிரித்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "போட்டுவிடு" என்றார். அவ்வளவுதான். மூன்று கட்டமும் சாம்பல் நிறமாயிற்று. தண்ணீர் தெளிந்து மறுபடி பார்க்கும் வரை சாம்பலில் எதையும் கொட்டக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

ஜனவரியில் தண்ணீர் தெளிந்தது. அந்த மூன்று சாம்பலில் இரண்டில் விசிறி இருந்தது, கை விரித்த அகலத்துக்கு. மீதி ஒன்றில் வெறும் கல்லும் மணலும் ஒரு கிழிந்த வலையும் மட்டும். அதை வெள்ளையாகவே விட்டேன். பார்த்துவிட்டு வைத்த வெள்ளை, உனக்கு ஆட்சேபணை இருக்காது. அந்த ஒரு கட்டம் அவர்களுக்குப் போதவில்லை, மண்ணைக் கரையிலேயே போட இடம் தேடுகிறார்களாம். அது வேறு தகராறு.

சனிக்கிழமை மாலை உன் பாட்டிலைக் கழுவ எடுத்தேன். சோப்பு போடும் முன் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, டீ வடிகட்டியில் கவிழ்த்தேன். கடுகு நாலைந்து, ஒரு எலுமிச்சை விதை. பாட்டிலைக் காயவைத்தேன். காலியாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை, உங்கள் வீட்டிலும் இருக்காது. பருப்புப் பொடி அரைத்து நிரப்பினேன். உள்ளே ஒரு சீட்டும் போட்டேன், பென்சிலில், என் கோணல் மராட்டியில்: "பருப்புப் பொடி. இடம்: பாணேர். ஆழம்: மிக்ஸியின் அடி."

ஞாயிற்றுக்கிழமை கட்கிக்கு வந்தேன். உன் கணவர் பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, சீட்டைப் பார்த்தார். சமையலறைக்குக் கூட்டிப்போனார். ஷெல்ஃபில் உன் பாட்டில்கள் அதே வரிசையில் இருந்தன. உப்பு, புளி, மிளகாய்த்தூள், கடலைமாவு. எல்லாவற்றிலும் உன் சீட்டு.

"தீந்து பூட்டா சீட்டு மட்டும் அடியில நிக்குதும்மா" என்றார். "அத்தப் பாக்க முடியல. அதனால தீர விடறதில்ல. பாதி ஆனதுமே மேல கொட்டி ரொப்பிடறன்."

டீ கொடுத்தார், குடித்தேன். கட்கி ஸ்டேஷன் வரை கூடவே நடந்து வந்தார். உன் ஊறுகாய்ச் சீட்டைத் திருப்பித் தரவா என்று கேட்டேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஐடி கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன். கார்டு முழுக்க எண்ணெய்.

இன்று வேறொரு கரையின் தாள்கள் வந்தன. எண்ணுக்கு நடுவே நிறையக் கோடுகள். கணினி வழக்கம்போல எல்லாவற்றையும் வெள்ளையாக்கி வைத்திருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து சாம்பலாக மாற்றினேன். முடிக்கும்போது பாதிப் படம் சாம்பலாக இருந்தது. தலைவர் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, படம் அழுக்காக இருக்கிறதே என்றார்.

"இருக்கட்டும் சார்" என்றேன். உன் அளவுக்குச் சத்தமாக வரவில்லை. ஆனால் பக்கத்து அறையில் உன் நாற்காலி வரைக்கும் கேட்டிருக்கும்.